கோயில், சர்ச், பள்ளிவாசல்: சுற்றுச்சூழல் வேலை பார்ப்பவர்களை நேரில் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

மதம் சார்ந்த சுற்றுச்சூழல் வேலை என்றதும் மேடை, உறுதிமொழி, கையில் மரக்கன்றோடு ஒரு போட்டோ, இவைதான் பலருக்கும் ஞாபகம் வரும். நான் கட்டிடங்களின் மின்செலவைக் கணக்கெடுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் எனக்கு வாய்த்தவர்கள் வேறு ரகம். மீட்டர் ரீடிங்கை நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள், ஏணி போட்டுக் கூரைக்கு ஏறுவார்கள், கமிட்டியில் பொருளாளரோடு மல்லுக்கு நிற்பார்கள். அப்படி யாரையாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். என் பங்குக்கு ஒருவர்.

ஒரு சர்ச்சில் கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா. சனிக்கிழமை இரவு ஒரு ரீடிங், திங்கட்கிழமை காலை ஒரு ரீடிங், அவ்வளவுதான் அவர் செய்தது, ஆனால் அதை விடாமல் செய்தார். நோட்டை என்னிடம் நீட்டி, "ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக் குறை சொல்லாதீங்க தம்பி, பூட்டிக் கிடக்கிற நாளில்தான் கரண்ட் போகுது" என்றார். போய்ப் பார்த்தால் அப்படித்தான். ஹாலில் காலியான ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் கை கழுவாத வாஷ்பேசினுக்கு ஹீட்டர் வெந்நீர் போட்டு வைத்திருக்கிறது, ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. எதற்கும் பெரிய செலவு தேவைப்படவில்லை, சுவிட்சை அணைக்க ஒரு ஆளும் ஒரு டைமரும் போதும்.

சோலார் விஷயத்தில்தான் இழுபறி. பழைய வழக்கப்படி பீடம் கிழக்கே வருமாறு கட்டிய ஆலயம் நீளவாக்கில் கிழக்கு மேற்காக இருக்கும், அதனால் சாய்கூரையின் ஒரு பக்கம் முழுக்கத் தெற்கைப் பார்க்கும். பூமத்திய ரேகைக்கு நன்றாக வடக்கே இருக்கும் நாடுகளில் பேனலுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் வெயில் வாரம் முழுக்க அடிக்கும், கூட்டம் ஒரு நாள்தான் வரும். மிச்ச கரண்ட்டை மின்வாரிய லைனுக்கு அனுப்பி பில்லில் கழித்துக்கொள்ள வழியில்லாத இடத்தில் கட்டுப்படியாவது கஷ்டம். இதைச் சொன்னதும் கமிட்டியில் ஒருவர், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், நமக்கெதுக்கு?" என்றார். அந்த அம்மா ஆதியாகமம் 2:15ஐ எடுத்தார்: பண்படுத்தவும் காக்கவும்தான் மனுஷனைத் தோட்டத்தில் வைத்தார், காவல்காரன் தூங்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா? அப்புறம் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை 2030க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை (வெளிவிடும் கரியமில வாயுவைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டுவது) எட்ட 2020 பிப்ரவரியிலேயே தீர்மானம் போட்டதையும் சொன்னார். பேனல் இன்னும் வரவில்லை. டைமர் வந்துவிட்டது.

—

நான் சொல்லப்போவது ஒரு இமாமைப் பற்றி. அவர் பயானில், அதாவது பிரசங்கத்தில், காலநிலை என்ற பேச்சே வராது. ஒரு நாள் உளூ செய்யும் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும்) இடத்தில் குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டார், உள்பக்கம் லிட்டர் லிட்டராகக் கோடு போட்டு. நபிகள் நாயகம் ஒரு 'முத்து' தண்ணீரில் உளூ செய்தார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. 'முத்து' என்றால் இரண்டு கையால் அள்ளும் அளவு, பெரும்பாலானோர் கணக்கில் முக்கால் லிட்டருக்கு மேல் போகாது. குழாயைத் திறந்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, பக்கத்து ஆளோடு ரெண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் வாளியில் எவ்வளவு ஏறுகிறது என்று அவரவரே பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வாளியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுத்தான் உளூ செய்தார்! இமாம் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், மறுபடி இழுத்து வைத்தார்.

பிறகு ஜமாஅத்தே காசு சேர்த்து, அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும் குழாய்களை மாட்டியது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் கூரையில் சோலார் போட்டு, தண்ணீர்ச் செலவையும் குறைத்து, 2022இல் எட்ஜ் என்ற பசுமைக் கட்டிடச் சான்றிதழ் வாங்கியது, வழிபாட்டுத் தலங்களில் அதுதான் முதல். அவ்வளவு பெரிய இடத்தில் செய்ய ஆள் உண்டு, பணம் உண்டு. எனக்கென்னவோ அந்த வாளிதான் பிடித்திருக்கிறது.

—

நல்ல அனுபவமாகவே வருகிறது, நான் மாற்றிச் சொல்கிறேன். நான் போய்வந்துகொண்டிருந்த ஒரு மத அமைப்பு ஆரவாரமாகக் கன்று நட்டது. நட்ட அன்றைக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட வேண்டாம், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற ரெண்டு பேர் வந்திருந்தால் பிழைத்திருக்கும். அதே அமைப்பிடம் இளைஞர்கள் சிலர், நம் சேமிப்பு நிதி நிலக்கரி, எண்ணெய் கம்பெனிகளில் கிடக்கிறதா என்று கேட்டார்கள். பதிலாக ஜெபக் கூட்டம் அறிவித்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் முதலீட்டு அமைப்புகள் பெரிய எண்ணெய், எரிவாயு கம்பெனிகளை விட்டு வெளியேறுவதாக 2023 ஜூனில் அறிவித்தன, அதுவும் பல வருடம் அந்தக் கம்பெனிகளோடு பேசிப் பார்த்துச் சலித்த பிறகு. சரி, அங்கேயாவது கேள்விக்கு ஒரு பதில் வந்தது.

ஆனால் அதே கன்று நடும் நாளில்தான் ஒரு புத்த பிக்குவைச் சந்தித்தேன், விருந்தினராக வந்திருந்தார். புதிதாக நடுவதில் அவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை, ஏற்கெனவே இங்கே நிற்கிற மரம் யாருடையது, யார் வெட்ட முடியும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். தாய்லாந்தில் 1980களின் கடைசியிலிருந்து பிக்குகள் பெரிய மரங்களுக்குக் காவித் துணி கட்டி, துறவு கொடுப்பதுபோல் சடங்கு செய்துவருகிறார்கள் என்று அவர்தான் விளக்கினார். துணி கட்டிய மரத்தில் கோடாலி வைக்க ஆட்கள் யோசிப்பார்கள். எத்தியோப்பியாவின் வடக்குப் பகுதியில் பெரும்பாலும் தேவாலயங்களைச் சுற்றி மட்டுமே மிஞ்சிய பூர்வீகக் காட்டைக் காக்க, ஆடுமாடு நுழையாதபடி கல் சுவர் எழுப்புகிறார்கள். அதுவும் இதே கணக்குதான். இருப்பதை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்குப் புதுசு எதற்கு?

—

கேட்க ஒன்று இருக்கிறது. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (சர்ச் வட்டாரத்தில்) முந்தைய பாதிரியார் இதில் தீவிரம். 2015இல் போப் பிரான்சிஸ் சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலை ஞாயிறுதோறும் ஒரு பத்தி வாசித்து விளக்குவார், வளாகத்து இலைதழையை மட்க வைக்க உரக்குழி வெட்டினார். மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் குழியை மூடி வண்டி நிறுத்த இடமாக்கிவிட்டார், கெட்ட எண்ணமில்லை, அவருக்கு அது குப்பைக் குழியாகத் தெரிந்தது. பங்குப் பேரவைத் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருந்த எல்இடி விளக்கும் மழைநீர்த் தொட்டியும் தப்பித்தன. உங்கள் இடங்களில் இதையெல்லாம் முறைப்படி தீர்மானமாகப் போடுகிறீர்களா, இல்லை ஆளை நம்பித்தான் ஓடுகிறதா?