கீரையில் காட்மியம்: பாக்டீரியா கைகொடுக்குமா?

கேள்வி: மண் பரிசோதனையில காட்மியம்ங்கிற நச்சு உலோகம் கூடுதல்னு வந்திருக்கு. போட்டிருக்கிறது பாலக்கீரை. பிள்ளைங்க சாப்பிடுறது, மனசு கேட்கல. பேசிலஸ், சூடோமோனாஸ் பாக்டீரியாவை மண்ணுல விட்டா உலோகம் போயிடுமா?

பதில் 1: போகாதுங்க, மண்ணுலயேதான் இருக்கும். பாக்டீரியாவோட செல்சுவர்லயும் அது சுரக்கிற பசையிலயும் காட்மியம் ஒட்டிக்கிறதால வேருக்குள்ள ஏறுறது குறையும், அவ்வளவுதான். எல்லா பாக்டீரியா ரகமும் இதைச் செய்யாது. பாஸ்பரஸைக் கரைக்க அமிலம் சுரக்கிற சில ரகங்கள் காட்மியத்தையும் சேர்த்துக் கரைச்சு விட்டுடலாம்! காட்மியத்துக்குன்னே சோதிச்ச ரகமான்னு கேட்டு வாங்குங்க.

பதில் 2: மண்ணோட பிஎச் (புளிப்பு-கார அளவு) எவ்வளவு? புளிப்பு மண்ணுன்னா முதல்ல சுண்ணாம்பு போட்டு அந்தப் புளிப்பைக் குறைங்க.

பதில் 3: இலைக்காய்கறிதான் காட்மியத்தை அதிகம் இழுக்கும். தக்காளி, வெள்ளரிக்கு மாறலாம். இப்ப இருக்கிற கீரையை ஆய்வகத்துல கொடுத்துப் பாருங்க. முடிவு வர்ற வரைக்கும் பிள்ளைங்களுக்குக் கொடுக்காதீங்க.