மீன்பிடிக்கப் பேட்காஸ்டர் ரீல் வாங்கினேன், வீசினால் சிக்குதான் விழுகிறது. தப்பு ரீலிலா, ராடிலா (தூண்டில் கம்பிலா)?

ஏரிக்கரை_செங்கை:
வணக்கம். மூன்று வருடமாக ஸ்பின்னிங் ரீல்தான். செங்கல்பட்டு சுற்றுவட்டார ஏரிகளில் விராலுக்கு ரப்பர் தவளை போடுவேன், எப்போதாவது முட்டுக்காடு முகத்துவாரத்துக்குக் கொடுவா தேடிப் போவேன். போன மாதம் ஆசைப்பட்டு ஒரு பேட்காஸ்டர் வாங்கினேன், அதாவது ராடுக்கு மேலே உட்காருகிற ரீல். கடையில் "எந்த ராடிலும் மாட்டலாம்" என்றார்கள். வீட்டில் இருந்த 7 அடி ஸ்பின்னிங் ராடையே தலைகீழாகத் திருப்பி, நரம்பு (தூண்டில் நூல்) போகிற வளையம் மேலே வருகிற மாதிரி வைத்து மாட்டினேன். நரம்பு 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), 6 கிராம் தவளை. பத்து மீட்டர் போனால் பெரிய விஷயம், இரண்டு வீச்சுக்கு ஒரு முறை ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) குருவிக்கூடு மாதிரி சிக்கு. நரம்பில் பாதியை வெட்டியே எறிந்துவிட்டேன். போன ஞாயிறு ஒரு நல்ல விரால் அடித்தது, இழுக்கும்போது ராடு கையிலேயே சுழன்று திரும்பிவிட்டது, மீனும் போச்சு.
புது ராடு வாங்குவதா, இல்லை எனக்குத்தான் வீசத் தெரியவில்லையா? ஒரே ராடில் விராலும் கொடுவாயும் முடியுமா? பைக்கில்தான் போவேன், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

தங்கூசி:
இரண்டும்தான் தம்பி :) ஆனால் முதலில் ராடு.

பாலாற்றுக்காரன்:
கடையில் சொன்னது தப்பு. ரீலின் அடிப்பாகம் சீட்டில் உட்கார்ந்துவிடும், அதை வைத்துப் பொருந்திவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும், நரம்பு பெரிய சுருளாகச் சுற்றிக்கொண்டு வெளியே வரும், அதனால் முதல் வளையம் பெரிதாக, தள்ளி இருக்கும். மீன் இழுத்தால் ராடு வளைய வளைய நரம்பு தண்டை விட்டு விலகிப் போகும், எனவே வளையம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பேட்காஸ்டர் மேலே உட்காரும், ஸ்பூல் சுழன்று நரம்பு நேராகப் போகும். மேல்பக்கம் வளையம் இருக்கிற ராடு வளைந்தால் இரண்டு வளையத்துக்கு நடுவில் நரம்பு தண்டின் மேலேயே படுத்துவிடும். அப்படிப் படுக்காமல் இருக்கத்தான் காஸ்டிங் ராடில் சின்ன வளையங்களை நெருக்கமாக வைக்கிறார்கள். உங்கள் ராடில் அதற்கு வழியில்லை.
கையில் சுழன்றதற்கும் காரணம் அதுதான். நரம்பும் ரீலும் மேலே, பாரம் கீழ்நோக்கி, ராடு தானாகத் திரும்பப் பார்க்கும். காஸ்டிங் ராடின் பிடிக்குக் கீழே விரல் மாட்ட ஒரு கொக்கி, அதாவது டிரிக்கர், அதற்காகவே இருக்கிறது. அது அழகுக்கு வைத்தது இல்லை.

ஏரிக்கரை_செங்கை:
அண்ணா, தெளிவாகப் புரிந்தது. அப்போ சிக்கு விழுவதும் ராடால்தானா?

பாலாற்றுக்காரன்:
பாதி. மீதி அந்த 6 கிராம் தவளை. ஸ்பூலைச் சுழற்றுவது லூரின், அதாவது செயற்கை இரையின் எடைதான், எடை போதாவிட்டால் நாம் கையை வீசி இழுத்து ஈடுகட்டப் பார்ப்போம், ஸ்பூல் தடாலென்று கிளம்பும், லூர் காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் நிற்காமல் நரம்பைக் கக்கும், கூடு கட்டும். இந்த மாதிரி சாதாரண பேட்காஸ்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் போட்டால் நிம்மதி. ராடில் அச்சடித்திருக்கும் லூர் எடையை முதலில் படியுங்கள், நீளம் விலையெல்லாம் அப்புறம். அவுன்ஸில் இருந்தால் கால் அவுன்ஸ் 7 கிராம், ஒரு அவுன்ஸ் 28. நீங்கள் அதிகம் போடும் எடை அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும், வரம்புக்குக் கீழே போனால் ராடு வளையவும் வளையாது, வீசவும் வராது.

கழிமுகம்:
தவளைக்கு மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பான ராடு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனி மட்டும் வளைவது), ஆறரையிலிருந்து ஏழு அடி. ஆகாயத்தாமரைக்குள் அடித்த விராலை யோசிக்க விடாமல் வெளியே இழுத்தாக வேண்டும், வளைவு நுனியோடு நின்று நடுத்தண்டு விறைப்பாக இருந்தால்தான் அந்தத் தடித்த இரட்டை முள் வாயில் பதியும். ஆனால் அதே ராடை முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோய் மும்முள் மாட்டிய மினோ (சின்ன மீன் வடிவ லூர்) போட்டால் கொடுவா குதிக்கும்போது முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பிரெய்டு நீளாது, ராடும் விட்டுக்கொடுக்காது. எனக்கு அப்படி மூன்று மீன் போயிருக்கிறது, அதனால் கொடுவாக்குக் கொஞ்சம் இளக்கமான, பாதி வரை வளைகிற மீடியம் தனியாக வைத்திருக்கிறேன்.

தங்கூசி:
எல்லாருக்கும் இரண்டு ராடு வாங்க முடியாதே. ஒன்றுதான் என்றால் மீடியம் ஹெவியை எடுத்துக்கொண்டு கொடுவாக்கு டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) தளர்த்தி வையுங்கள், அது போதும். பிரெய்டு நுனியில் கட்டுகிற லீடர் நரம்பு மட்டும் 40 பவுண்டுக்குக் குறையக் கூடாது, கொடுவாயின் செவிள் மூடி பிளேடு மாதிரி. உப்புத் தண்ணீரிலிருந்து வந்ததும் ரீலையும் வளையங்களையும் நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவாமல் தூங்கப் போகாதீர்கள்.
பைக் என்றால் இரண்டு துண்டு ராடு. ஒற்றைத் துண்டுதான் உசத்தி என்பார்கள், ஏழு அடிக் கம்பைக் கட்டிக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். உள்ளே உள்ளே இழுத்து மடிக்கிற டெலஸ்கோப்பிக் மட்டும் வேண்டாம், அதில் வளையம் எத்தனை வைக்க முடியும்?

ஏரிக்கரை_செங்கை:
சரி, ராடு 10–28 கிராம், மீடியம் ஹெவி, இரண்டு துண்டு என்று முடிவு. ரீலை எப்படிச் சரிசெய்வது? பிரேக், டென்ஷன் என்று இரண்டு திருகு இருக்கிறது, எது எதற்கு என்றே குழப்பம்.

பாலாற்றுக்காரன்:
கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னக் குமிழ் டென்ஷன். லூரை நுனியில் தொங்கவிட்டுப் பொத்தானை அமுக்குங்கள், மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிற அளவுக்குத் திருகுங்கள். லூர் மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் இருப்பது பிரேக், முதலில் முழுசாக வைத்துவிட்டு, கை பழகப் பழகக் குறையுங்கள். லூர் தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் ஸ்பூல் மேல் இருக்கணும், எந்தத் திருகும் அதற்கு ஈடாகாது.
20 பவுண்டு பிரெய்டும் மெல்லிசு, இழுவையில் அடிச்சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். 40 போடுங்கள், அடியில் கொஞ்சம் தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றிவிட்டு, இல்லாவிட்டால் பிரெய்டு மொத்தமாக ஸ்பூலில் வழுக்கும்.

தங்கூசி:
ஒரு சின்ன வித்தை. மைதானத்தில் முள்ளில்லாத எடையைக் கட்டி வீசிப் பாருங்கள். உங்களால் போக முடிகிற தூரம் வீசிவிட்டு இன்னும் பத்து மீட்டர் கையால் இழுத்து, ஸ்பூலில் மிச்சம் இருக்கும் நரம்பு மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள். எவ்வளவு மோசமான கூடு கட்டினாலும் டேப்புக்குக் கீழே இறங்காது.

ஏரிக்கரை_செங்கை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். புது ராடு, 12 கிராம் தவளை, 40 பவுண்டு. வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் நாலு சாயங்காலம் வீசினேன், பக்கத்து வீட்டுக்காரர் மண்ணில் என்ன மீன் என்று கேட்டார். இப்போது இருபது, இருபத்தைந்து மீட்டர் போகிறது, எதிர்க்காற்றில் இன்னும் சிக்கு விழுகிறது, ஆனால் விரலால் பிரித்துவிடுகிற சிக்கு. நேற்று ஒன்றே கால் கிலோ விரால், தாமரைக்குள்ளிருந்து ஒரே இழுப்பு, ராடு திரும்பவே இல்லை. பழைய ராடில் பழைய ரீலை மாட்டி அக்கா பையனிடம் கொடுத்துவிட்டேன், அவன் மண்புழு வைத்து ஜிலேபி மீனாக அள்ளுகிறான்.

கழிமுகம்:
எதிர்க்காற்றா? பிரேக்கை இரண்டு புள்ளி ஏற்றிக்கொண்டு தாழ்வாக வீசுங்கள்.