புதுப்பிப்பு: நூலகத் தணிக்கைப் பேச்சு, ஒரு திருத்தம்

அமெரிக்க ரோட்டரி சங்கக் கூட்டங்களில் நூலகத் தணிக்கை (பிடிக்காத நூல்களை நீக்குவது, தடுப்பது) பற்றிப் பேசுவோருக்கான குறிப்பில், பள்ளி வாரியம் நூல்களை நீக்கியதை எதிர்த்து மாணவர்கள் தொடுத்து, 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிக்கோ வழக்கு பள்ளிகளில் நூல் தடையை ஒழித்துவிட்டது என்று எழுதியிருந்தேன். தவறு. அதில் பெரும்பான்மைத் தீர்ப்புரையே கிடையாது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக நூலகத்திலிருந்து நூலை நீக்கக் கூடாது என்றது நீதிபதிகளில் ஒரு பகுதியினர்தான்.

அந்த வழக்குக்கு ஆளான, நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் அமைத்த குழுவே சர்ச்சைக்குள்ளான 11 நூல்களில் 5-ஐ வைத்துக்கொள்ளச் சொன்னது. வாரியம் கேட்கவில்லை, 9-ஐ நீக்கியது. கோளாறு பெரும்பாலும் இங்கேதான்: நூலை மறுபரிசீலித்து நீக்கக் கோரும் படிவமும் அதற்கான குழுவும் இருக்கும், மதிக்க ஆள் இருக்காது.

ஆகவே உள்ளூர் நூலகத்தின் மறுபரிசீலனைப் படிவத்தை நகலெடுத்து மேசைக்கு ஒன்று வையுங்கள். ‘முழு நூலையும் படித்தீர்களா?’ என்ற கேள்வி அதில் உண்டா? முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கும் என்று கொள்கையில் எழுதியிருக்கிறதா? முன்னதாகவே பார்த்துவிடுங்கள். 20 நிமிடப் பேச்சு இதற்கு மேல் தாங்காது.