வெஸ்ட்போர்ட்டில் சார்ட்டர் படகு ஏறுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சியாட்டில், ரெட்மண்ட் பகுதிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் கோடை தொடங்கியதும் தவறாமல் கேட்பது, கடலுக்குப் போய்த் தூண்டில் போட என்ன வழி என்பதைத்தான். பக்கத்திலுள்ள பியூஜெட் சவுண்ட் என்ற உட்கடலிலேயே எல்லாம் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே பெரும்பகுதியில், பாறைப் பகுதிகளில் வாழும் ராக்ஃபிஷ் என்ற மீனைப் பிடிப்பதற்குத் தடை உள்ளது. சால்மன், ராக்ஃபிஷ் இரண்டுக்கும் நான் பரிந்துரைப்பது, ஏறத்தாழ இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில், கிரேஸ் ஹார்பர் முகத்துவாரத்தில் இருக்கும் வெஸ்ட்போர்ட். கட்டணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் சார்ட்டர் படகுகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதால், முதல் நாள் இரவே போய்த் தங்குவது நல்லது.

முதலில் லைசென்ஸ். 15 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் அது தனித்தனியாக வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 90 நாள் நிரந்தரமாக வசித்தபிறகே உள்ளூர்வாசிக்குரிய குறைந்த கட்டணம் கிடைக்கும் என்பதால், வந்த வேகத்தில் ஆண்டு லைசென்ஸ் வாங்கிப் பணத்தை விரயம் செய்யாமல், ஒருநாள் லைசென்ஸோடு தொடங்குங்கள். சால்மனுக்கு இதைத் தவிர மீன் பதிவு அட்டையும் உண்டு. லைசென்ஸ் தேவைப்படாத சிறுவர்களுக்கும் அது கட்டாயம். பிடித்த சால்மனை வைத்துக்கொள்வதாக இருந்தால், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அப்போதே அட்டையில் பதிந்துவிட வேண்டும்.

சால்மன் பயணத்துக்குப் பருவமும் ஒதுக்கீடும் ஆண்டுதோறும் மாறும். ஒதுக்கப்பட்ட அளவு எட்டப்பட்டதும் பருவத்தை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். கோஹோ வகை சால்மனில், முதுகின் பின்புறத்தில் வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பொரிப்பகத்தில் வளர்ந்த மீன் என்று பொருள். துடுப்பு முழுதாக இருந்தால் இயற்கையில் பிறந்தது, பெரும்பாலும் அதைத் திரும்ப விட்டுவிட வேண்டியிருக்கும். விடும் மீன் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே, நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள் இல்லாத தூண்டிலைச் சால்மனுக்குச் சட்டமாக்கியிருக்கிறார்கள். குழந்தைகளோடு முதன்முறை போகிறவர்களுக்கு என் யோசனை, சால்மனைவிட ராக்ஃபிஷ் பயணமே. பாறைகளின் மேல் கூட்டமாகத் திரியும் கறுப்பு ராக்ஃபிஷ் அடிக்கடி கடிக்கும். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாது. முதுகு முள் குத்தினால் மட்டும் நன்றாகக் கடுக்கும். மீனைக் கழற்றும் வேலையைப் படகுப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

ராக்ஃபிஷ் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் இரண்டாவது பயணத்தில் ஆழத்திலிருந்து ஒரு எல்லோஐ ராக்ஃபிஷ் என் தூண்டிலில் ஏறி வந்தது. செம்மஞ்சள் நிற உடல், பிதுங்கிய மஞ்சள் கண்கள், வாய்வழியே வெளித்தள்ளியிருந்த இரைப்பை. அதன் காற்றுப்பை மூடிய அமைப்புடையது. வேகமாக மேலே இழுக்கும்போது விரியும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடிய இந்த இனத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை உள்ளது. ஆனால் அப்படியே தண்ணீரில் போட்டால் உப்பிய உடலோடு மிதந்து செத்துப்போகும். பணியாளர் எடை கட்டிய ஒரு கிடுக்கியை அதன் தாடையில் மாட்டி மீண்டும் ஆழத்துக்கு இறக்கினார்; அழுத்தம் கூடியதும் காற்றுப்பை சுருங்கி, மீன் தானாக நீந்திப் போய்விடும் என்று விளக்கினார். ‘டிசெண்டிங் டிவைஸ்’ எனப்படும் இந்தக் கருவி படகில் தயாராக இருக்கிறதா என்று இடம் பதிவு செய்யும்போதே கேளுங்கள்; மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு படகு பாருங்கள்.

முகத்துவாரத்தில் உள்ளிருந்து வரும் நீரோட்டமும் பெருங்கடல் அலையும் மோதிக்கொள்வதால், அந்தச் சிறு தூரத்தில்தான் படகு மிக அதிகமாகக் குலுங்கும். முதல் பயணத்தில் படகு ஆடத் தொடங்கியபிறகே கடல் குமட்டலுக்கான மாத்திரை போட்டதால், நாள் முழுதும் தலை தூக்க முடியாமல் கிடந்தேன். மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு, கிளம்புமுன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஜூலையிலும் குளிர்க்காற்று அடிக்கும். நீர் புகாத மேலங்கி அவசியம்.

கட்டணத்துக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் பணியாளருக்கு டிப்ஸ் தருவது இங்கே வழக்கம். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மீனைச் சதை மட்டும் சீவித் தந்துவிட்டுத் தலையையும் நடுமுள்ளையும் கழித்துவிடுவார்கள். குழம்புக்கு அவை வேண்டும் என்று படகு ஏறும்போதே சொல்லிவைத்தால் எடுத்துத் தருவார்கள். பெட்டியும் ஐஸும் காரில் இருக்கட்டும், திரும்பும் வழி நீண்டது.