டெக்சாஸிலிருந்து நார்த் கரோலினாவுக்கு பிஸ்டல் அனுப்ப எவ்வளவு ஆகும்? யார் வழியாக அனுப்புவது?

கேட்டி_கார்த்தி:
வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறேன், சிட்டிசன். என்னிடம் ஒரு கிளாக் 19 இருக்கிறது. ரேஞ்சுக்குப் போவதே நின்றுபோனதால் பெட்டியில் சும்மா கிடக்கிறது. ராலேயில் இருக்கும் காலேஜ் நண்பன் 400 டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறான்.

கொரியர் கடையில் போய்க் கேட்டேன். பிஸ்டல் என்று சொன்னதுமே கவுண்டரில் இருந்த பெண் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். அவர் "முடியாது" என்றார், காரணம் சொல்லவில்லை. சில வருஷம் முன்பு எனக்குத் தெரிந்த ஒருவர் இதே மாதிரி கடையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இப்போது என்ன ஆயிற்று? தபாலில் அனுப்பலாமா? நேராக அவன் வீட்டுக்கே அனுப்பலாமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஆஸ்டின்_மணி:
வீட்டுக்கு நேராக அனுப்பவே முடியாது, அதை முதலில் மறந்துவிடுங்கள். 1968 துப்பாக்கிச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தில் இருக்கும் லைசென்ஸ் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியைக் கைமாற்றக் கூடாது. வாங்குபவருடைய மாநிலத்தில் உள்ள எஃப்எஃப்எல் கடைக்குத்தான் (மத்திய அரசு லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை) அது போய்ச் சேர வேண்டும். நண்பர் அங்கே போய் 4473 ஃபார்ம் (துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் படிவம்) நிரப்பி, பேக்ரவுண்ட் செக் (பின்னணிச் சோதனை) முடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். உயில் மூலமாக வரும் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. நண்பனுக்கு விற்பதற்குக் கிடையாது.

கொரியர் விஷயம்: 2022-ல் யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் இரண்டுமே விதியை மாற்றிவிட்டன. லைசென்ஸும் அவர்களோடு தனி ஒப்பந்தமும் உள்ளவர்களிடம் மட்டும்தான் துப்பாக்கியை வாங்குகிறார்கள். சட்டம் மாறவில்லை, கம்பெனி பாலிசிதான் மாறியது. மேனேஜர் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். தபாலைப் பொறுத்தவரை, சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று 1927-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். டீலர்கள் 1508 என்ற படிவத்தோடு தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளலாம்.

ஆக, உங்கள் ஊர்க் கடையில் கொடுத்து, அந்தக் கடை ராலே கடைக்கு அனுப்புவதுதான் வழி.

கேட்டி_கார்த்தி:
நன்றி மணி அண்ணா. செலவு?

ஆஸ்டின்_மணி:
எங்கள் பக்கத்தில் அனுப்பும் கடை தன் கட்டணமும் தபால் செலவும் சேர்த்து 50-லிருந்து 75 டாலர் வரை கேட்கிறது. வாங்கும் கடை டிரான்ஸ்ஃபருக்கு 25-லிருந்து 50 வரை. கடைக்குக் கடை மாறும், போன் போட்டுக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் இதில் அடக்கமா என்றும் கேளுங்கள்.

ஆனால் உங்கள் ஊர்க் கடைக்குப் போவதற்கு முன்னால் ராலே கடையைப் பிடியுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டு தங்கள் லைசென்ஸ் நகலை உங்கள் கடைக்கு அனுப்பினால்தான் பார்சல் கிளம்பும். லைசென்ஸ் நிஜம்தானா என்று ஏடிஎஃப் (துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அமைப்பு) தளத்தில் எஃப்எஃப்எல் ஈஸி செக் என்ற பக்கத்தில் பார்த்துவிடலாம், முதல் மூன்று இலக்கமும் கடைசி ஐந்து இலக்கமும் போதும்.

பேரம்_பேசுபவன்:
கேட்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கு உதைக்கிறதே. 400-க்கு வாங்கி இரண்டு பக்கமும் சேர்த்து 100 டாலர் அழுதால், இன்னும் கொஞ்சம் போட்டால் உங்கள் நண்பருக்கு ராலேயிலேயே புதுசு கிடைக்கும். நீங்களும் உள்ளூர்க் கடையிலேயே தள்ளிவிடலாம்.

கேட்டி_கார்த்தி:
நியாயம்தான். ஆனால் இந்தத் துப்பாக்கியில் நல்ல சைட், டிரிகர் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் கேட்கிறான். செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம்.

கேரி_அக்கா:
கார்த்தி தம்பி, யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். உங்கள் நண்பர் என்ன ஸ்டேட்டஸ்?

கேட்டி_கார்த்தி:
எச்-1பி அக்கா. ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகிப் பல வருஷம் ஆகிறது, நம் ஆட்கள் எல்லாரையும் போல வரிசையில் நிற்கிறான். அதனால் ஏதாவது சிக்கலா?

கேரி_அக்கா:
பெரிய சிக்கல். எச்-1பி மாதிரி நான்-இமிகிரன்ட் (தற்காலிகமாகத் தங்கும்) விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம். ஐ-140 அப்ரூவ் ஆனதால் இதில் எதுவும் மாறாது. அவருடைய ஸ்டேட்டஸ் தெரிந்தே விற்றால் உங்கள் மேலும் கேஸ் வரும். அவருக்கோ கிரீன் கார்டு வரிசையே ஆட்டம் காணும்.

விலக்கு ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வாங்கலாம். 4473-லேயே அதற்கென்று கேள்வி உண்டு. லைசென்ஸைக் கடையில் காட்ட வேண்டும், கடைக்காரர் விவரத்தைக் குறித்துக்கொள்வார். நார்த் கரோலினாவில் முதல் தடவை வேட்டை லைசென்ஸ் எடுப்பவர்கள் பொதுவாக ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் எடுத்தார். மான் ஒன்றையும் அவர் சுட்டதில்லை, அது வேறு கதை. லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும். அதனால் புதுப்பிக்க மறக்கக் கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு இமிகிரேஷன் வக்கீலிடம் பேசிவிடச் சொல்லுங்கள்.

ராலே_ரமணா:
அதற்கு எதற்கு இத்தனை பாடு? கிரீன் கார்டு இருக்கிற ரூம்மேட் பெயரில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்களேன்.

ஆஸ்டின்_மணி:
வேண்டவே வேண்டாம். வேறொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவதை இங்கே ஸ்ட்ரா பர்ச்சேஸ் என்பார்கள். "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்பது 4473-இல் இருக்கும் கேள்வி. அதில் பொய் சொன்னாலே குற்றம். போதாததற்கு 2022-ல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது, 15 வருஷம் வரை சிறை. ரூம்மேட்டையும் சேர்த்து உள்ளே தள்ளுகிற யோசனை இது.

கேட்டி_கார்த்தி:
நல்ல வேளை கேட்டீர்கள் அக்கா. இப்போதுதான் அவனிடம் பேசினேன். வேட்டை லைசென்ஸ் எடுக்கிறேன், வக்கீலையும் பார்க்கிறேன் என்கிறான். அதுவரை துப்பாக்கி என்னிடமே இருக்கட்டும். அப்புறம் ஒரு சந்தேகம்: எனக்கே ராலேயில் ஒரு கல்யாணம் இருக்கிறது. ஃப்ளைட்டில் நானே கொண்டுபோய் அந்தக் கடையில் ஒப்படைத்தால் ஷிப்பிங் மிச்சம்தானே?

ஆஸ்டின்_மணி:
தாராளமாகச் செய்யலாம். கைமாற்றம் மட்டும் அந்தக் கடை வழியாகவே நடக்க வேண்டும். டிஎஸ்ஏ (விமான நிலையப் பாதுகாப்புத் துறை) விதி: தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டியான பெட்டியில், செக்-இன் பேக்கேஜில், டிக்கெட் கவுண்டரிலேயே சொல்லிவிட வேண்டும். சாவி உங்களிடம் இருக்கட்டும். ஏர்லைன்ஸுக்கு ஏற்ப விதி கொஞ்சம் மாறும், முன்பே பாருங்கள்.

டிக்கெட் போடும்போது நியூ ஜெர்சி, நியூ யார்க் வழியாகக் கனெக்‌ஷன் வேண்டாம். 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர் நியூஆர்க்கில் கனெக்‌ஷனைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை கவுண்டரில் ஒழுங்காகத் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார், கைது செய்தார்கள். கேஸ் பிறகு கைவிடப்பட்டது. அவர் போட்ட வழக்கில் 2010-ல் அப்பீல் கோர்ட் சொன்னது: ராத்திரி முழுக்கப் பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால், மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கான 1986 சட்டப் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது. நேர் ஃப்ளைட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதிலேயே போங்கள்.

கேரி_அக்கா:
கடைக்குப் போகும்போது நண்பருக்கு இன்னொரு விஷயம் சொல்லுங்கள். நம் பெயர்கள் பேக்ரவுண்ட் செக்கில் மாட்டும். டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், விசாவில் வேறு மாதிரி, இன்னொன்றில் வெறும் இனிஷியல். அதே பெயரில் வேறு யாராவது சிக்கியிருந்தால் "டிலே" என்று வரும். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம், ஆனால் பல கடைகள் கொடுப்பதில்லை. ஃபார்மில் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கட்டாயமில்லை, இருந்தாலும் போட்டுவிட்டால் ஆள் குழப்பம் குறையும். திரும்பத் திரும்ப டிலே வருகிறவர்கள் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து யூபின் என்று ஒரு நம்பர் வாங்கிக்கொள்ளலாம்.

ஒருவேளை மறுத்துவிட்டால், அங்கிருந்து திரும்ப அனுப்பும் செலவு யாருடையது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் உங்கள் ஊர்க் கடையில் நீங்களும் 4473 நிரப்பித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கேட்டி_கார்த்தி:
அதைப் பேசவே இல்லை, இன்றே பேசுகிறேன். கடைசியாக ஒன்று: கூட இரண்டு மேகசினும் (தோட்டா அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) ஒரு டப்பா தோட்டாவும் இருக்கிறது. அவற்றையும் கடையிலேயே கொடுக்க வேண்டுமா?

ஆஸ்டின்_மணி:
தோட்டாவைத் தபாலில் போடவே கூடாது. ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். மேகசின் துப்பாக்கிக் கணக்கில் வராது, காலியாக இருந்தால் நீங்களே தபாலில் போடலாம். 15 ரவுண்டு மேகசின் நார்த் கரோலினாவில் பிரச்சினை இல்லை. அதே கலிஃபோர்னியா என்றால் 10-க்கு மேல் ஆகாது. பெட்டியில் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள், அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கும்.