எச் 4831 அளவை ஐஎம்ஆர் 4831 வெடிமருந்துக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி:
டெக்சாஸில் வசிக்கிறேன். மான் வேட்டைக்கான என் .270 வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே தோட்டா நிரப்பிவருகிறேன். இதுவரை எச் 4831 வெடிமருந்தைத்தான் பயன்படுத்தினேன். இப்போது அது எங்கும் கிடைக்காததால், கடையில் இருந்த ஐஎம்ஆர் 4831 ஒரு பவுண்டு வாங்கி வந்துவிட்டேன். எண்ணும் ஒன்று, இரண்டையும் விற்பதும் ஹாட்ஜ்டன் நிறுவனமே. மருந்துகளை எரியும் வேகப்படி வரிசையிட்ட எரிவேகப் பட்டியலிலும் அருகருகேதான் இருக்கின்றன. குறிப்பேட்டில் உள்ள பழைய அளவையே இதற்கும் இடலாமா?

மறுமொழி 1:
கூடாது. எண் ஒன்றாக அமைந்ததற்கு வரலாறுதான் காரணம். இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்காகத் தயாரித்து மிஞ்சிய 4831 மருந்தை ஹாட்ஜ்டன் நிறுவனர் மலிவாக வாங்கி விற்றார். அந்த வழியில் வந்ததே எச் 4831. பிற்பாடு டூபான்ட் நிறுவனம் அதே எண்ணில் வெளியிட்ட ஐஎம்ஆர் 4831 சற்று வேகமாக எரியக்கூடியது. எச் 4831-இன் உச்ச அளவை அப்படியே இதில் இட்டால் அறையழுத்தம் (சுடும்போது தோட்டா இருக்கும் அறையில் எழும் அழுத்தம்) எல்லை மீறிவிடும். .270-க்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு என்பதால், தவறுக்கு அங்கே இடமில்லை. எரிவேகப் பட்டியல் வரிசையைச் சொல்லுமே தவிர இடைவெளியைச் சொல்லாது; அடுத்தடுத்த இரண்டு பெயர்களுக்கு நடுவே சிறு வேறுபாடும் இருக்கலாம், பெரிய வேறுபாடும் இருக்கலாம். ஆகவே, ஐஎம்ஆர் 4831 என்ற பெயரிலேயே, உங்கள் குண்டின் எடைக்கு, தோட்டா நிரப்பும் கையேட்டில் தந்துள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து அரை கிரெயினாக (கிரெயின் என்பது மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) ஏற்றிப் பாருங்கள்.

மறுமொழி 2:
நான் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். வேறொரு துப்பாக்கிதான், ஆனால் "பெயர் கிட்டத்தட்ட அதுதானே" என்ற அதே நினைப்பு. சுட்டபின், அறையை மூடும் போல்ட் கைக்குத் திறக்கவில்லை. மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் திறந்தேன். வெளிவந்த தோட்டா உறையில், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமரின் உருண்ட விளிம்பு அறவே மறைந்து, குழியை நிரப்பித் தட்டையாகக் கிடந்தது. உறையின் அடிப்பாகத்தில், உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் வட்டத் தடம் பளபளத்தது. மீதமிருந்த பத்தொன்பது தோட்டாக்களையும் அன்றிரவே பிரித்துவிட்டேன். இத்தகைய அறிகுறி தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லை கடந்திருக்கும் என்பதால், அறிகுறி வரும்வரை ஏற்றிப் பார்க்கலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, பழைய அளவைக் கைவிட்டேன். ஆனால் வேறு பெயரில் விற்கப்படும் ஒரே மருந்து என்று எதுவுமே இல்லையா?

மறுமொழி 1:
உண்டு. எச்பி-38-ம் வின்செஸ்டர் 231-ம் ஒன்றே. எச் 110-ம் வின்செஸ்டர் 296-ம் அவ்வாறே. எச் 414-ம் வின்செஸ்டர் 760-ம் கூட. எச் 4831 எஸ்சி என்பது அதே எச் 4831-ஐக் குட்டையாக நறுக்கியது. மருந்தை அளந்து ஊற்றும் கருவியில் சீராக இறங்கும், எனவே உங்கள் பழைய குறிப்பு அதற்குப் பொருந்தும். தயாரிப்பாளரே ஒன்றென்று சொன்னவற்றைத் தவிர வேறெதையும் இப்படிக் கருதாதீர்கள். இன்னொன்று: ஐயம் வந்தால் அளவைக் குறைத்துவிடலாம் என்ற பொதுவிதி எச் 110-க்குச் செல்லாது. அதை மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைத்தால் மருந்து சரிவரப் பற்றாமல் குண்டு குழாயிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அதைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுமொழி 2:
எச் 4831 டப்பாவின் அடியில் கொஞ்சம் மீதி இருக்குமே, அதைப் புதியதோடு கலந்துவிடாதீர்கள். நிரப்பும்போது மேசைமீது ஒரே டப்பாதான் இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் கருவியில் எஞ்சியதை அதன் சொந்த டப்பாவிலேயே கொட்டிவிடுங்கள். எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று மறந்துபோன மருந்தை நான் மணந்தும் பார்ப்பதில்லை, நிறத்தை ஒப்பிட்டும் பார்ப்பதில்லை. புல்தரையில் மெல்லியதாகத் தூவிவிடுகிறேன். நைட்ரஜன் இருப்பதால் புல் நன்றாகவே வளர்கிறது.