எங்கள் ஊர் நூலகத்தைத் தேசியப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கலாமா?

காவேரிக்கரை:

வணக்கம். ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு ஒரே நூலகம். ஐ.எம்.எல்.எஸ். என்கிற மத்திய அரசு அமைப்பு அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் கொடுக்கிற தேசியச் சேவைப் பதக்கத்துக்கு அதைப் பரிந்துரைக்க ஆசைப்படுகிறேன்.

காரணம் என் மாமியார். மன்னார்குடிக்காரர், கோடையில் வந்து எங்களோடு தங்குவார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் அவருக்குச் சீரியலும் ஜன்னலும்தான். நூலகத்துக்கு அழைத்துப்போனேன். கார்டு வாங்க முகவரிச் சான்று கேட்டார்கள். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் எதிலும் அத்தை பெயர் கிடையாது. கவுண்ட்டரில் இருந்த அம்மாள், "அதனால் என்ன" என்று சொல்லி, அத்தை பெயருக்கு எங்கள் வீட்டு முகவரியில் ஒரு தபால் அட்டை போட்டார். அது வந்ததும் கொண்டுபோய்க் காட்டினோம். அதுவே சான்று, கார்டு கைக்கு வந்துவிட்டது.

இப்போது செவ்வாய்க்கிழமை ஆங்கிலம் பேசிப் பழகும் கூட்டத்துக்கு எனக்கு முன்னால் அத்தை கிளம்பி நிற்கிறார். அங்கே ஒரு விதை நூலகமும் உண்டு. பழைய நூற்பட்டியல் அட்டைகள் இருந்த மர அலமாரியின் குட்டி இழுப்பறைகளில் விதை உறைகளை அடுக்கியிருக்கிறார்கள். எடுத்துப்போய்ப் போடலாம், விளைந்தால் கொஞ்சம் விதை திருப்பித் தரலாம். அத்தை வெண்டையை முற்றவிட்டுக் காயவைத்து விதை எடுத்துக் கொடுத்தார். (இங்கே வாங்கிய விதையில் வந்த செடிதான். ஊரிலிருந்து பையில் போட்டு வந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.) உறை மேல் 'வெண்டை' என்று தமிழில் அவர் எழுத, கீழே அந்த அம்மாள் ஆங்கிலத்தில் எழுதி இழுப்பறையில் வைத்தார்.

என் சந்தேகங்கள்: சாதாரண வாசகி நான் பரிந்துரைக்க முடியுமா? பெரிய நகர நூலகங்களுக்கு முன்னால் இந்தச் சின்ன ஊர் எடுபடுமா? இயக்குநரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். "நாங்கள் எங்கள் வேலையைத்தானே செய்கிறோம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தகப்பெட்டி:

நான் ஒரு மாவட்ட நூலகக் கிளையில் வேலை பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம்: வாசகர், ஊழியர், அறங்காவலர், மக்கள் பிரதிநிதி யாரானாலும் சரி. ஆனால் நூலகத்தின் கணக்கு வழக்கும் நிர்வாக விவரமும் உங்களிடம் இருக்காது. அதனால் இயக்குநரின் சம்மதம்தான் முதல் வேலை.

சின்ன ஊர் என்று தயங்கவே வேண்டாம். 2015இல் பதக்கம் வாங்கியவர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எழுபதுக்கும் மேல் கிளைகள் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகம் இருக்கிறது. அதே பட்டியலில் அலாஸ்காவில் ஒரு தீவில் உள்ள கிரெய்க் என்ற மீன்பிடி ஊரின் நூலகமும், நியூ மெக்சிகோவில் டிக்சன் என்ற கிராமத்தின் எம்புடோ பள்ளத்தாக்கு நூலகமும் இருக்கின்றன. 2016இல் வாங்கிய டோமாகுவாக் அருங்காட்சியகம், ரோட் ஐலண்டில் பூர்வகுடியினர் நடத்துகிற சின்ன இடம்தான்.

எழுதும்போது ஒன்று கவனியுங்கள். கதை நேரம், கோடை வாசிப்பு, வருமான வரி உதவி இதெல்லாம் எல்லா நூலகத்திலும் நடக்கிறது. படிப்பவருக்கு அலுத்துவிடும். உங்கள் ஊருக்கென்று இருந்த சிக்கல் என்ன, நூலகம் யாரோடு கைகோத்தது, ஆட்களுக்கு என்ன மாறியது, இதைச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் நூலகம் வழியாகவே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்க முடிகிறது. அந்த மாதிரி. உங்கள் தபால் அட்டைக் கதை நல்ல கதை, ஆனால் அது ஒருவருடைய கதை. இன்னும் நாலைந்து பேர் வேண்டும்.

அவர்களை நூலகத்திடம் கேட்காதீர்கள். யார் என்ன எடுத்தார், எதற்கு வந்தார் என்பதை வெளியில் சொல்லக்கூடாது என்று ஒஹையோவில் சட்டமே இருக்கிறது. நீங்களே ஆட்களைப் பிடித்துப் பேசவேண்டியதுதான்.

அடுக்கக வாசகன்:

ஆசையைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2025 மார்ச் 14 அன்று அதிபர் போட்ட ஆணை, ஐ.எம்.எல்.எஸ்.ஸையே சட்டம் அனுமதிக்கிற அளவுக்குச் சுருக்கச் சொன்னது. அந்த மாதக் கடைசியில் ஊழியர்களை மொத்தமாக விடுப்பில் அனுப்பினார்கள், மாநிலங்கள் வழக்குப் போட்டன. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் (காங்கிரஸ்) சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்புக்கே இந்தக் கதி. இந்த ஆண்டு பரிந்துரை திறந்திருக்கிறதா என்று முதலில் அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு மெனக்கெடுங்கள்.

இல்லையென்றால் அமெரிக்க நூலகச் சங்கத்தின் 'ஐ லவ் மை லைப்ரரியன்' விருது இருக்கிறது. வாசகர்களே பரிந்துரைக்கிற விருது. வழக்கமாக வருடத்துக்குப் பத்து நூலகர்கள், ஆளுக்கு 5,000 டாலர். அந்தக் கவுண்ட்டர் அம்மாளுக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

புத்தகப்பெட்டி:

அங்கே ஒரு முட்டுக்கட்டை. பொது நூலகத்தில் வேலை செய்பவர் என்றால், சங்கம் அங்கீகரித்த நூலகவியல் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். சின்ன ஊர்களில் கவுண்ட்டரில் நிற்பவர்களில் பாதிப் பேரிடம் அது இருக்காது. வாசகர் பார்ப்பது அவர்கள் முகத்தைத்தான், விருதுப் படிவம் பார்ப்பது பட்டத்தை. எனக்கும் அந்தப் பட்டம் கிடையாது, அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

கோலமாவு:

நான் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர். ஆதரவுக் கடிதங்களை மாதிரிக் கடிதம் கொடுத்து வாங்காதீர்கள் அக்கா. பத்துப் பேரும் ஒரே வரியைத் திருப்பி எழுதித் தருவார்கள். உணவு வங்கி, தீயணைப்பு நிலையம், பள்ளி செவிலியர் என்று நூலகத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் கேளுங்கள். உங்கள் அத்தையைத் தமிழிலேயே சொல்லச் சொல்லி நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

காவேரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மாளிடம் கேட்டேன், பட்டம் இல்லையாம். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஆக, தனி ஆள் விருது ஒத்துவராது, நூலகத்துக்கே கேட்பதுதான் முறை.

அத்தையிடம் சொன்னதற்கு, "எனக்கு இங்கிலீஷ் வந்துடுச்சுன்னு எழுதிடாதே, வரலை. ஆனா அந்த வியட்நாம் அம்மாவுக்கும் வரலை, ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிக்கறோம்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

இயக்குநரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்றுதான் புரியவில்லை.

புத்தகப்பெட்டி:

ஒஹையோவில் பல நூலகங்கள் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பி ஓடுகின்றன. அந்த வரியைத் தொடர ஊர் மக்கள் ஓட்டுப் போடவேண்டும். உங்கள் நூலகத்துக்கு அப்படி ஓட்டு எப்போது வருகிறது என்று விசாரியுங்கள். பதக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் சேர்க்கிற கதைகள் அந்தப் பிரச்சாரத்துக்கு அப்படியே ஆகும் என்று சொல்லிப் பாருங்கள். எந்த இயக்குநரும் அதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.